கிழிந்த சீவல்

மூக்கில் இடித்தால் புழு பின்வாங்க வேண்டும். அதன் மொத்த அறிவும் அவ்வளவுதான். சில பேராசிரியர்களுக்கு அதுகூடக் கிடையாது. இந்தப் புழு முன்னே வந்தது.

குளிர்பெட்டி ஓயாமல் முனகிக்கொண்டிருக்க, தட்டில் புழுக்களுக்கு விரித்திருந்த கூழின் புளித்த வாடை மூக்கில் ஏற, சாய்ந்த வெயிலில் சுவரெல்லாம் தன் நிழல் நீண்டு கிடக்க, நரம்பு வரைபவன் மறுபடி மைக்ரோஸ்கோப்பில் குனிந்தான். பல்குச்சி நுனியில் ஒட்டிய இமைமுடியால், குறுநொய்யைவிடச் சிறிய அந்த உடம்பின் மூக்கைத் தொட்டான். முடி வளைகிற அளவுக்குப் புழு முட்டியது. பக்கத்துப் புழுவும் முட்டியது. தட்டிலிருந்த அத்தனையும்.

இமைமுடி அவன் மகளுடையது. கன்னத்தில் உதிர்ந்ததை எடுத்து, "உன் புழுவுக்குக் கிச்சுகிச்சு மூட்டுப்பா" என்று அவளே தந்தது.

செத்த புழு ஒன்றை மெல்லிய சீவல்களாக்கி, ஒவ்வொன்றையும் படமெடுத்து, எந்த நரம்பு எதில் போய்ச் சேர்கிறது என்று திரையில் கோடிழுப்பது அவன் வேலை. நேற்று, மூக்கு நரம்பு சேரும் இடத்துச் சீவல் கிழிந்திருந்தது.

"ஒரு சீவலுக்கு ஒப்பாரியா? ஏதாவது ஒண்ணோட சேத்துவிடுய்யா. புழு வந்து கேஸ் போடப்போகுதா?" என்றார் பேராசிரியர்.

வேலை நீட்டிப்பு அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. குத்துமதிப்பாகச் சேர்த்தான். முன்னே தள்ளும் நரம்போடு.

செத்த புழுவின் படத்தில் செய்த தப்பு. உயிரோடிருப்பவற்றுக்கு யார் சொன்னது?

திரையில் அந்தக் கோட்டை அழிக்கப் போனான். படம் திறக்கவில்லை. பேராசிரியர் காலையிலேயே, வேலை முடிந்ததென்று பூட்டி, அச்சுக்கு அனுப்பிவிட்டிருந்தார். இனி யாரும் கைவைக்க முடியாது.

போன் அடித்தது. மனைவி.

"பாப்பா சுவத்துல நெத்திய முட்டிக்கிட்டு நிக்கறா. விளையாடுறான்னு நெனச்சேன். இழுத்தா இன்னும் முட்டறா. ரத்தம் வருதுங்க..."

"தொடாதே! அவளைத் தொடாதே!"

வீட்டுக்கு ஓடினான். நான்கு மாடியும் ஏறினான். கதவு திறந்திருந்தது. சுவரில் ஈரமான சிவப்புக் கோடு. அது நேரே போகவில்லை. பால்கனிப் பக்கம் திரும்பியது.

"நான் தொடலைங்க," என்றாள் மனைவி, கைகளை அக்குளில் புதைத்தபடி. "சுவத்தை உரசிக்கிட்டே அவளாப் போயிட்டா."

கைப்பிடிக் கம்பி மகளின் நெஞ்சில் பட்டுக்கொண்டிருந்தது. பட்டதால் முட்டினாள். முட்டியதால் பட்டது. பாதம் கீழ்க்கம்பியில் ஏறியிருந்தது.

"பாப்பா, பின்னால வாடா."

"வரத்தான்ப்பா பாக்கறேன்."

பாய்ந்து கட்டிப்பிடித்தான். இறுக்க இறுக்க ஏறினாள். முழங்கால் கம்பியில். வயிறு கம்பியில். பிடித்தால் போகிறாள். விட்டால் விழுவாள்.

"விட்டுடாதப்பா."

திரும்பிப் பார்த்தாள். ஈரக் கன்னத்தில், புதிதாக உதிர்ந்த இமைமுடி ஒன்று.