இருபத்திரண்டாம் பக்கம்

கல்லறைத் திருநாளன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு, ஆன்சியின் மடிக்கணினியில் ஒரு பொத்தான் பளிச்சென்று நீலமாக நின்றது. அது மங்கியிருக்க வேண்டிய பொத்தான்.

பங்குக் கோவிலின் இணையதளத்தை எழுதியவள் அவள்தான். இறந்தவரின் பெயரையும் ஒரு வரிக் கருத்தையும் குடும்பத்தார் அதில் பதிவார்கள். மொத்தம் நானூற்று இருபது பெயர். கல்லறைத் தோட்டத்துப் பூசையில் இருபத்தொரு வாசகர்கள் வரிசையாக நின்று, ஆளுக்கொரு பக்கம், பக்கத்துக்கு இருபது பெயர் என்று கைப்பேசியைப் பார்த்து வாசிப்பார்கள். பெயர் காதில் விழுந்ததும் அந்த வீட்டார் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இருபத்தொன்றுதான் கடைசிப் பக்கம். அதில் 'அடுத்த பக்கம்' பொத்தானுக்கு என்ன வேலை?

போன வருடம் பெயர்களை அன்பியம் வாரியாக, அதாவது பங்கின் தெருக்குழு வாரியாக மட்டும் அடுக்கியிருந்தாள். ஒரே அன்பியத்தில் முப்பது, நாற்பது பேர்; அவர்களுக்குள் யார் முன்னே, யார் பின்னே என்று சொல்லாமல் விட்டாள். கணினி பக்கத்துக்குப் பக்கம் தன் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கிவிட்டது. மளிகைக்கடை ராயப்பன் பெயர் இரண்டு பக்கத்தில் வந்தது. அவளுடைய ஏழு வயது மகள் ஜோஸ்லினின் பெயர் எதிலுமே வரவில்லை. "நம்ம பாப்பா பேர மட்டும் உட்டுட்டாங்களே" என்று கணவன் ஆண்ட்ரூஸ் ஏற்றாத மெழுகுவர்த்தியோடு மண்ணில் உட்கார்ந்து அழுதான்.

இந்த வருடம் அன்பியத்துக்கு அடுத்துப் பதிவு எண்ணையும் சேர்த்து அடுக்கியாயிற்று. இனி ஒரு பெயரும் நழுவ வழியில்லை. பூ வாங்கிக்கொண்டு ஆண்ட்ரூஸ் முன்னால் கிளம்பியபோது, "நீங்க போங்க, ஒருவாட்டி சரிபாத்துட்டு வாரேன்" என்றாள். இருபத்தொரு பக்கத்தையும் விரல் வைத்துப் பார்த்துவிட்டாள். ஜோஸ்லின் இல்லை. பெயரைத் தட்டித் தேடினால் வருகிறாள். பக்கங்களில்தான் இல்லை.

வெளியே ஏற்காடு ஏறும் பேருந்துகள் கொண்டப்பநாயக்கன்பட்டி வளைவில் கியர் மாற்றி முனகுவதும், மின்விசிறி கடகடவென்று சுற்றுவதும் கேட்டுக்கொண்டிருந்த அந்த அறைக்குள், எங்கிருந்தோ பாசியும் துருவும் கலந்த பழைய தண்ணீரின் வாடை மெல்ல வந்து மூக்கில் ஏறியது. முற்றத்துத் தரைக்கடித் தொட்டியின் வாடை. அந்தத் தொட்டியை மண் கொட்டி, சிமெண்ட் பூசி மூடி இரண்டு வருடமாகிறது.

ஜோஸ்லின் இறந்த அன்று, தண்ணீர் லாரி வருமென்று இரும்பு மூடியைத் திறந்து வைத்தவள் ஆன்சி. அதற்குள் ஆபீஸிலிருந்து அழைப்பு. ஜோஸ்லின் வழக்கம்போல அவளுடைய நாற்காலிக் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "இன்னும் ஒரே பக்கம் சாமி." ஒரு பக்கம் நாலு பக்கமானது. பிள்ளை எப்போது எழுந்து போனதென்றே தெரியவில்லை; தேடியபோது தொட்டித் தண்ணீரில் கிடந்தது. பிறகு எல்லாரும் கேட்டபோது, மூடியைத் திறந்தது லாரிக்காரர் சென்றாயன் என்றாள். ஆண்ட்ரூஸ் அவரை நடுத்தெருவில் வைத்து அடித்தான். அந்த மனிதர் ஊரைவிட்டே போய்விட்டார். சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அவள் இதைச் சொல்லவில்லை.

பொத்தானை அழுத்தினாள்.

இருபத்திரண்டாம் பக்கம். ஒரே ஒரு வரி. ஜோஸ்லின். கருத்து என்ற இடம் காலி.

பக்கத்துக்கு இருபத்தொன்று என்று மாற்றினாள். இருபது பக்கம் ஆனது, பிள்ளை இருபத்தொன்றில். இருபத்தைந்து என்று மாற்றினாள். பதினேழு பக்கம், கடைசிப் பக்கத்தில் ஐந்து இடம் காலி; அப்போதும் பிள்ளை பதினெட்டில். எத்தனை வைத்தாலும் முடிகிற பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் தனியாக நின்றாள். ஐயோ, என் தங்கமே. அங்கேயே நின்றுகொண்டிருக்கிறாயா?

மறுபடி இருபதாக்கிவிட்டு ஆண்ட்ரூஸை அழைத்தாள். நேரம் நான்கைத் தாண்டிவிட்டது. போனில் அவனுக்குப் பின்னால் வாசகர்களின் குரல் கேட்டது.

"ஏனுங்க, இருபத்திரண்டாம் பக்கம்னு ஒன்னு இருக்குதுங்க. பாப்பா பேரு மட்டுந்தான். அத நீங்களே வாசிச்சிருங்க."

"சரி ஆன்சி. நீயும் கேளு, போன வெக்காத."

கேட்டுக்கொண்டிருந்தாள். பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. முற்றத்தில் இரும்பு மூடி சிமெண்டில் உரசி நகர்ந்தது.

அங்கே இரும்பு மூடியே இல்லை. பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.

ஒலிபெருக்கியில் ஆண்ட்ரூஸ் தொண்டையைச் செருமினான். "ஜோஸ்லின்." தீக்குச்சி உரசும் சத்தம். ஆன்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாசித்துவிட்டார்கள். என் பிள்ளை பெயரை வாசித்துவிட்டார்கள்.

"கீழ கருத்துன்னு என்னமோ வந்திருக்குது..." அவன் வாசித்தான். "அம்மா மூடியத் தெறந்து வெச்சுட்டு ஒரே பக்கம்னு சொன்னாங்க. நான் இன்னும் உக்காந்திருக்கேன்."

கல்லறைத் தோட்டம் மொத்தமும் சலசலத்தது.

"ஆன்சி." இப்போது ஒலிபெருக்கியில் இல்லை. காதருகே, சன்னமாக. "மூடியத் தெறந்தது நீயா? ஆன்சி, சொல்லு. சென்றாயன் இல்லியா?"

நாற்காலிக் காலில் ஏதோ சாய்ந்தது. சின்ன முதுகு. அந்தக் கனம் அவளுக்குத் தெரியும். உள்ளங்காலின் கீழே தண்ணீர் பரவியது. சில்லென்று.

"முடிஞ்சுதாம்மா?"

திரும்பவில்லை. திரும்பத் தைரியமில்லை. உதடு தானாக அசைந்தது. "இன்னும்... ஒரே பக்கம் சாமி."

திரையில் இருபத்திரண்டாம் பக்கத்தின் அடியிலும் அந்தப் பொத்தான் நீலமாகத்தான் இருந்தது. அவளுடைய தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. தண்ணீரில் வெகுநேரம் ஊறி, நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிய சிறுவிரல், சொட்டச் சொட்ட, 'அடுத்த பக்கம்' என்பதை அழுத்தியது.