அம்மாவின் மூன்று பிரதிகள்

முதலில் காணாமல் போனது அம்மாவின் செருப்பு.

படத்தில்தான். வாசற்படியில் அம்மா நிற்கும் படம், எடுத்தவளே அவளுடைய இளைய மகள்தான். வார் அறுந்த நீலச் செருப்பில் ஊக்கைக் குத்தி மாட்டிக்கொண்டு, "புதுசு எதுக்குடி, இதுக்கு என்ன கேடு" என்று அம்மா அன்றைக்கு வாதாடியதுகூட நினைவிருக்கிறது. இப்போது கம்ப்யூட்டர் திரையில் அம்மா வெறுங்காலோடு நின்றாள்.

ஆம்புலன்ஸ் ஓட்டுகிற மகள் அவ்வளவு லேசில் பயப்படுகிறவள் இல்லை. வேலை முடிந்து வந்த அலுப்பு, வெளியே விடாத மழை, ஜன்னல் வழியாக வரும் அழுக்கு வெளிச்சம், கண் ஏமாற்றுகிறது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் எழுந்து போய் வாசலில் செருப்பு வைக்கும் பலகையைப் பார்த்தாள். அம்மா செத்த பிறகும் யாருக்கும் தூக்கிப்போட மனம் வராத செருப்பு. தூசியில் இரண்டு செருப்புகள் இருந்த தடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

படங்களைப் பிரதி எடுத்து வைக்கும் இந்த ஏற்பாடெல்லாம் அக்காள் புருஷனுடையது. அத்தான் கம்ப்யூட்டர் துறையில் பெரிய ஆள். எவ்வளவு பெரிய ஆள் என்றால், பதவியின் பெயரை அச்சடித்ததிலேயே விசிட்டிங் கார்டு நிரம்பிப்போய், போன் நம்பரைப் பின்பக்கத்துக்குத் தள்ளியிருந்தார்கள். அம்மா இறந்த வாரம் வீடே அழுதுகொண்டிருந்தபோது அவர் நடுக்கூடத்தில் நின்று தகவல் பாதுகாப்பு பற்றி அரை மணி நேரம் பேசினார். பிறகு எல்லோருடைய போனிலிருந்தும் அம்மாவின் படங்களை உருவி இந்தக் கம்ப்யூட்டரில் சேர்த்தார். "குப்பை சேரக் கூடாது" என்று போன்களில் இருந்ததை அழித்தார். காகித ஆல்பங்களை ஸ்கேன் செய்துவிட்டுப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டார். ஆக, அம்மாவின் முகம் இப்போது மூன்றே இடங்களில் இருந்தது: கம்ப்யூட்டர், இணையத்தில் எங்கோ ஒரு மூலை, இன்று அவர் சொன்னபடி அவள் சொருகியிருந்த இந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்க் பெட்டி. வேறெங்கும் இல்லை.

பெட்டி பல்லை நறநறவென்று கடிப்பது போல ஒலித்தது. பிரதியாகும் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து போயின. கூடத்துச் சுவரை ஒட்டி அம்மா உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. அவள் தலைக்கு மேலே கடிகாரம் இருக்கும். இல்லை. ஆணி மட்டும் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, கொஞ்ச நேரமாகக் கூடத்தில் டிக் டிக் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தாள். ஆணி மட்டும் இருந்தது.

ஊறிப்போன துணியை மூட்டையிலிருந்து அவிழ்த்தது போல ஒரு வாடை சமையலறைப் பக்கமிருந்து மெல்ல வந்தது. அடுத்த படத்தில் அம்மாவின் நாற்காலி இல்லை; அம்மா அந்தரத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்ததில் அம்மாவே இல்லை. சுவர் மட்டும். சுவரின் ஓரத்தில், யாரோ சட்டென்று ஒதுங்கிக்கொண்டது போல, ஒரு சாம்பல்நிற முழங்கை.

போனை எடுத்தாள்.

"அத்தான், படத்துல அம்மா இல்ல."

"மூணு இடத்துல இருக்காங்கம்மா. பூகம்பம் வந்தாலும் அசையாது."

"ஒண்ணொண்ணா போயிட்டிருக்கு. அங்க போனா இங்கயும் போகுது. வீட்ல இருந்த கடிகாரம்கூட..."

"அதான் என்னோட டிசைனே!" அவர் குரலில் பெருமை பொங்கியது. "ரெண்டு பக்கமும் எப்பவும் ஒரே மாதிரி இருக்கும். இங்க அழிச்சா அங்க அழியும், அங்க அழிச்சா இங்க அழியும். எங்க ஆபீஸ்ல இதுக்குக் கை தட்டினாங்க."

"அப்ப இது பத்திரம் இல்ல அத்தான். மூணு பேரை ஒரே கயித்துல கட்டிக் கிணத்துல இறக்குன கதை."

"உனக்குப் புரியாது. சரி, யாரு அழிக்கிறது?"

"நானும் அதைத்தான் கேக்குறேன்."

போனை அணைக்காமல் மேசையில் வைத்தாள். பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். அதன் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சுவர் சுவிட்சைத் தட்டினாள். கூடம் இருண்டது. திரை இருளவில்லை.

படங்கள் ஓடின. குளக்கரை, அம்மா இல்லை. அக்காள் கல்யாணம், அம்மா இல்லை. வீடு காலி செய்கிற ஆள் சாமான்களை எடுப்பது போல அது நிதானமாக, அவசரமே இல்லாமல், படம் படமாக நடந்துகொண்டிருந்தது. ஒன்றில் அந்தச் சாம்பல்நிற உருவத்தின் முதுகு. ஒன்றில் பிடரி. ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் பெரிதாக.

ஒரே படம் மிச்சம்.

சமையலறை வாசலில் அம்மா. கையில் கரண்டி. "எடுக்காதேடின்னா கேக்க மாட்டியா" என்று திட்டும்போது எடுத்தது. வாய் பாதி திறந்திருந்தது. அந்த நிலைக்கதவின் ஓரத்தை, உள்ளே இருட்டிலிருந்து, சாம்பல்நிற விரல்கள் பற்றியிருந்தன.

அவளுக்குப் பின்னால், வீட்டின் சமையலறை நிலை முனகியது.

ஓடியிருக்கலாம். வாசல் நாலு எட்டில்தான் இருந்தது. ஆனால் வண்டியில் ஏற்றிய ஆளை வழியில் இறக்கிவிட்டுப் பழக்கமில்லாதவள் அவள். லாரிக்காரன், மந்திரி கார், யாருக்கும் வழி விட்டதில்லை. அத்தான் சொன்னதை ஒரு தரம் மனசுக்குள் திருப்பிப் பார்த்தாள். அங்கே செய்தது இங்கே நடக்கும். அப்படியானால் இங்கே செய்வதும் அங்கே நடக்க வேண்டும். அந்த மனிதர் வாழ்நாளில் உருப்படியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

எழுந்தாள். சமையலறைப் பக்கம் நடந்தாள். நிலைக்கதவை அடைந்து, கூடத்தைப் பார்த்துத் திரும்பி, இரு கைகளாலும் நிலையின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டாள். பிடரியில் ஈரவாடை.

தூரத்தில் திரை தெரிந்தது. படத்தில் இப்போது இரண்டு பேர். அம்மாவுக்கும் அந்த விரல்களுக்கும் நடுவே அவள்.

"எங்கம்மாவைத் தொடணுமா?" என்றாள். மறுபடியும் சொன்னாள், சத்தமாக. "என்னைத் தாண்டிப் போ பாக்கலாம்."

தோளில் ஏதோ பதிந்தது. பனிக்கட்டி போல் ஒரு கை. அவள் அசையவில்லை.

திரையில் அவள் பாதங்கள் இல்லை. முழங்கால் இல்லை. இடுப்பு இருந்த இடத்தில் தரை தெரிந்தது.

"இவ்வளவுதானா உன் பலம்? இழு!"

பிடியை இறுக்கினாள்.

மேசையில் அத்தான் பேசிக்கொண்டிருந்தார். "ஹலோ? லைன்ல இருக்கியாம்மா? பயப்படாத, எதுவும் எங்கயும் போகாது." கூடத்தில் கேட்க ஆள் இல்லை.

திரையில் கடைசிப் படம் நின்றது. நிலைக்கதவின் இரு பக்கத்தையும் மணிக்கட்டோடு முடிந்துபோன இரண்டு கைகள் பற்றியிருந்தன, நகங்கள் மரத்துக்குள் இறங்க, மூட்டுகள் வெளுக்க. அவற்றின் மேல் சாம்பல்நிற விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தன. பிரிக்க முடியவில்லை. கைகளின் மறுபக்கத்தில், கரண்டியை ஓங்கி, அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்.