கால்வாய்க்காரன் கூழ்

காலை ஒன்பதரைக்குள் பவளக்கொடி ஒரு சுமேரிய அரசனின் விருந்தைத் தின்று துப்பியிருந்தாள். ஆட்டுக்கறி, பூண்டு, பேரீச்சம்பழம், செம்மறிப் பாலில் எடுத்த வெண்ணெய். எல்லாம் நாக்கில் வந்து போயின, ஒன்றும் ருசிக்கவில்லை.

"எப்படிக்கா இருக்கு?" என்றான் இயந்திரத்தை ஓட்டும் இத்ரீஸ்.

"தின்னு தின்னு சலிச்ச வாய். பந்தியில உட்காரும்போதே வயிறு ரொம்பித்தான் இருந்திருக்கு. தூக்கிப் போடு."

இத்ரீஸ் ஓட்டிய இயந்திரத்துக்குச் சுவைமீட்பி என்று பெயர். ஈராக்கில் தோண்டியெடுத்த, ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தைய சுமேரிய மண்கலத்தின் விளிம்பைச் சுரண்டிப் போட்டால், அதில் என்ன உணவு இருந்தது என்பதோடு, காய்ந்துபோன எச்சிலை வைத்து, தின்றவன் நாக்கில் அது எப்படி இருந்தது என்பதையும் மீட்டு ஒரு கரண்டிப் பசையாகக் கொடுக்கும். அதில்தான் வினையே. அரசர்களின் தட்டுகளை வாங்க ஆளில்லை. கால்வாய் வெட்டியவன் குடித்த பார்லிக் கூழோ விற்பனைக்கு வந்த அன்றே தீர்ந்துவிடும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் வேளைக்கு நான்கு வகை தின்பவர்கள், அந்தக் கூழை ஒரு கரண்டி வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார்களாம். அவர்களுக்குக் கிடைக்காத ஒரே சரக்கு அதில் இருந்தது. பசி.

விற்பனைக்குப் போகுமுன் ஒரு மனித நாக்கு சரி சொல்ல வேண்டும். அந்த நாக்கு வெறும் வயிற்றோடு இருந்தால்தான் துல்லியம் என்று ஆலையில் விதி. முந்தின இரவுக்குப் பிறகு பகல் மூன்று மணிவரை ஒரு பருக்கை உள்ளே போகக்கூடாது. எட்டு வருஷமாக நல்லது பொல்லாது எல்லாவற்றையும் வாயில் வாங்கித் துப்பிக்கொண்டிருந்த பவளக்கொடிக்கு வயிற்றில் புண் வந்துவிட்டது. வேளாவேளைக்குச் சாப்பிடாவிட்டால் குடல் ஓட்டையாகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெட்டி கட்டும் பிரிவில் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும். அங்கே மாற்றச் சொல்லி மேலாளர் தியாகேசனிடம் மூன்று முறை கேட்டாயிற்று.

"போகலாம்மா, நானா வேண்டாங்கறேன்? நல்ல கூழா ஒண்ணு தேத்திக் குடுத்துட்டுப் போ" என்பார் அவர்.

தேற்றுவதற்குச் சரக்கு வேண்டுமே. கடைசிப் பெட்டி ஓடுகள் மேசைமேல் இருந்தன. அச்சில் அமுக்கிச் செய்த முரட்டுக் கிண்ணங்களின் துண்டுகள். வேலைக்காரர்களுக்குப் பார்லி அளந்து கொடுத்த கிண்ணங்களாம். பதினோரு மணிக்குள் எட்டைப் பார்த்தார்கள், எட்டும் ஊமை. எச்சில் தடம் காலத்தில் கரைந்திருந்தது.

ஒன்பதாவது கரண்டி வந்தது. எடுத்து நாக்கில் வைத்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பார்லிக் கூழ், பச்சை வெங்காயம், கருவாட்டுத் துணுக்கு, அவ்வளவுதான். ஆனால் அந்த முதல் வாய்க்காக யாரோ விடிந்ததிலிருந்து காத்திருந்தது அதில் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கிண்ணத்தின் அடியைப் பார்த்ததும் இருந்தது. பவளக்கொடிக்கு அழுகை வந்தது. துப்ப மனமில்லாமல் விழுங்கிவிட்டாள்.

"பாவி, யாரோ தெரியல. இப்ப முன்னாடி வந்து நின்னா வயிறாரச் சோறு போட்டுருவேன்" என்றாள்.

தியாகேசன் ஓடிவந்தார். ஒரு கரண்டி சுவைத்தவர், அங்கேயே மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். சுமேரியாவில் ஊர் என்றே ஒரு நகரம் இருந்ததால், "ஊர் நகரத்துக் கால்வாய்க்காரன்" என்று பெயரும் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குப் பவளக்கொடி தான் சாப்பிடும் கிண்ணத்தைத் தேடினாள். சோப்பு வாடை இயந்திரத்தைக் குழப்பும் என்பதால் ஆலைக்குள் யாரும் பாத்திரம் கழுவக்கூடாது. நேற்று எடுத்துப்போக மறந்த மண்கிண்ணம் அப்படியே மேசையோரம், ஓட்டுத்துண்டுகளின் நடுவில் கிடந்தது. விளிம்பில் நகக்கண் அளவுக்குப் புதிதாகச் சுரண்டியிருந்தது.

நேற்று அவள் குடித்தது பார்லிக் கூழ். கடித்துக்கொண்டது வெங்காயமும் கருவாடும். இந்த டெல்டாவில் வேறென்ன கிடைக்கிறது? கடல் உள்ளே வந்து, ஆழ்குழாய் உப்பை மேலே இழுத்து, நெல் செத்துப் பத்து வருஷமாகிறது. சுமேரியாவிலும் வாய்க்கால் பாய்ச்சிப் பாய்ச்சி மண் உப்பேறி, கோதுமை போய் பார்லி வந்தது என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்தார்கள். அது ஏதோ தூரதேசத்துக் கதை என்று அவள் அன்று தலையாட்டிக்கொண்டாள்.

இத்ரீஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, சொல்லிராதீங்க. உங்க மாத்தலும் போயிரும், என் வேலையும் போயிரும்."

அவளுக்கு மறைத்துவைக்கக்கூடத் தெம்பில்லை. தெரிந்தால் அந்தக் கூழைத் தூக்கி எறிந்துவிடுவார்கள், அதோடு தொலைந்தது என்றுதான் நினைத்தாள். நேரே போய்ச் சொன்னாள். "சார், அது கால்வாய்க்காரன் இல்ல. நான்தான். என் மத்தியானச் சாப்பாடு."

தியாகேசன் கோபப்படவில்லை. அவளையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இனிமே ஓட்டுத்துண்டுக்கு ஈராக் வரைக்கும் போக வேண்டியதில்லங்கறே" என்றார்.

"என் மாத்தல், சார்?"

"அது அப்படியேதான். குடுத்த வாக்க மாத்துவேனா?"

மாற்றவில்லை. திங்கட்கிழமை அவள் பெட்டி கட்டும் பிரிவில் உட்கார்ந்தாள். பன்னிரண்டாயிற்று, மணி அடிக்கவில்லை. ஒன்றாயிற்று. வயிற்றுப் புண் சுரண்ட ஆரம்பித்தது. பக்கத்தில் பெட்டி மடித்துக்கொண்டிருந்த ஜெசிந்தா, "இன்னையிலேருந்து நாலு மணிக்குத்தானாம், ராத்திரிக்கப்புறம் எதுவும் தின்னக்கூடாதாம், எல்லாருக்கும்" என்றாள். "எந்தப் புண்ணியவதி கிளப்பிவிட்டாளோ தெரியல."

பவளக்கொடி அடுத்த பெட்டியை எடுத்து மடித்தாள். கையில் இருந்த பெட்டிமேல் 'ஐயாயிரம் ஆண்டுப் பசி' என்று அச்சடித்திருந்தது.

நாலு மணிக்கு வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு மண்கிண்ணம் கொடுத்தார்கள். அச்சில் அமுக்கிச் செய்த முரட்டுக் கிண்ணம், எல்லாம் ஒரே அளவு. பார்லிக் கூழ், வெங்காயம், கருவாடு. குடித்ததும் கழுவாமல் வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். சுமேரிய மண்மேடுகளில் இப்படிக் குவியல் குவியலாகக் கிண்ணங்கள் கிடைப்பது ஏன் என்று தோண்டியவர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள்.

அவள் முதல் வாய் குடித்தாள். அமிர்தமாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அடிவரை குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிண்ணத்தைக் குவியலில் வைத்தாள்.