அரக்கு உடைக்காத கட்டு

கணபதிப் பகுதியில் லேத் பட்டறை இரைச்சலுக்கு நடுவே இருந்த அந்த மெட்ரிக் பள்ளிக்கு 1998-ல் கம்ப்யூட்டர் அறை வந்தது. வாத்தியார் ஆனாலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சாமி படத்துக்குக்கூட அந்தப் பள்ளியில் அவ்வளவு மரியாதை கிடையாது. இங்கே மார்க்கைத் தட்டினால் வயர் வழியாகப் போய்த் தலைமையாசிரியர் மேஜையில் தெரியும். மனிதன்தான் தப்புச் செய்வான், கம்ப்யூட்டர் செய்யாது என்று பெற்றோர் கூட்டத்தில் தாளாளர் மைக் பிடித்துச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை மதியம் கணக்கு வாத்தியார் சென்னகேசவன் அந்த அறைக்குள் வந்தபோது ஆபரேட்டர் பஷீர் சாப்பிடப் போயிருந்தான். ஏசி முனகிக்கொண்டிருந்தது. புதுக் கம்பளத்தின் வாசனை மூக்கில் ஏறியது. வெளியே வானம் கறுத்துக் கிடந்தது.

அவருக்கு அங்கே ஒரே ஒரு வேலை. எட்டாம் வகுப்புப் பட்டியலில் லோகப்பிரியா என்ற பெயருக்கு எதிரே இருந்த எழுபத்தொன்றை அழிக்கவேண்டும்.

அந்தப் பெண் தீபாவளி லீவில் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனவள். அரையாண்டுத் தேர்வு நடந்ததோ மார்கழியில். டியூஷனில் கூட்டம் நெரிந்ததால் விடைத்தாள் திருத்தச் சென்னகேசவனுக்கு நேரமில்லை. காலாண்டு மார்க்கையே எடுத்து, ஆளுக்கு ஐந்து கூட்டிப் போடும்படி பஷீரிடம் சொல்லிவிட்டார். ஆபீசில் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து யாரும் நீக்கியிருக்கவில்லை. கம்ப்யூட்டர் செத்தவளுக்கும் ஐந்து கூட்டியது. மார்க் அட்டை தபாலில் அவள் வீட்டுக்கே போய்விட்டது.

அவளுக்காக நடந்த மௌன அஞ்சலியில் அவரும் தலைகுனிந்து நின்றவர்தான். யாருக்கு என்று கேட்டுக்கொள்ளவில்லை. அதை நினைக்கவே அவருக்குக் கூசியது.

அவளுடைய அப்பா மாரப்பன் பார்க்க வருகிறார் என்று காலையில் தகவல் வந்தது. அதற்குள் அழித்துவிட்டால் கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கலாம்.

அழித்தார். திரை மினுங்கியது.

எழுபத்தொன்று.

மறுபடியும் அழித்தார்.

எழுபத்தொன்று.

கரண்ட் போனது. ஏசி அடங்கியது. இருட்டில் யுபிஎஸ் மட்டும் விட்டுவிட்டுக் கத்தியது. திரையில் அந்த ஒரு பெயர் மட்டும் பச்சையாக எரிந்தது.

"ஏனுங்க சார்."

வாசலில் மாரப்பன். பட்டறை எண்ணெய் படிந்த கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எம்பட அம்மணி லோகப்பிரியா பரீட்சைக்கு வந்துச்சுங்களா?"

"அது... கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிப்போட்டுதுங்க."

"அது தப்புப் பண்ணாதுன்னு சொன்னாங்களேங்க." அவர் வாதாடவில்லை. அவர் முகத்தில் நம்பிக்கை இருந்தது. "அவங்கம்மா அந்த அட்டையக் கீழ வெக்க மாட்டேங்கறா. புள்ள எப்படியோ வந்து எழுதிப்போட்டுப் போயிருக்குதுங்கறா. பேப்பர ஒருக்கா காட்டுங்க. இல்லீன்னா இல்லீன்னு ஊட்டுல சொல்லிப்போடறேன்."

சென்னகேசவன் ஜன்னல் திரையை விலக்கினார். அலமாரியிலிருந்து எட்டாம் வகுப்பு விடைத்தாள் கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். தேர்வு நாளில் சுற்றிய சணல். முடிச்சின்மேல் வைத்த அரக்கு உடையாமல் அப்படியே இருந்தது.

மாரப்பன் அதையே பார்த்தார்.

"கட்டே அவுக்கலீங்களா சார்?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த மனிதர் தயங்கித் தயங்கிக் கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது சென்னகேசவனுக்கு.

"இல்லீங்க. ஒருத்தரு பேப்பரையும் நான் பாக்கலீங்க. சும்மா மார்க் போட்டுப்போட்டனுங்க."

சென்னகேசவன் தலை நிமிராமல் அரக்கை உடைத்தார்.

முதல் விடைத்தாளிலேயே அவள் பெயர் இருந்தது.

மை காயவில்லை.

"அவ எழுத்துதானுங்க," என்று மாரப்பன் கிசுகிசுத்தார். "ஏழுக்குக் குறுக்க கோடு போடுவாளுங்க. திருத்திக் குடுங்க சார். நல்லா எழுதியிருக்காளான்னு அவங்கம்மா கேப்பா."

சென்னகேசவன் சிவப்புப் பேனாவைத் திறந்தார். முதல் கணக்கு சரி. அடுத்ததும் சரி. கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கியிருந்தாள். தொண்ணூற்றெட்டு. இவ்வளவு தெரிந்த பிள்ளையின் முகம் தனக்கு ஞாபகம் வரவில்லையே என்று நினைத்தபடி தாளை நீட்டினார்.

மாரப்பன் அதை வாங்கிச் சட்டைக்குள் மார்போடு வைத்துக்கொண்டார். இரண்டு கையையும் கூப்பினார்.

"நல்லா இருப்பீங்க சார். வாரனுங்க."

அந்தக் கும்பிடைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் சென்னகேசவன் நின்றார். பிறகு உட்கார்ந்து மீதி விடைத்தாள்களைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கினார். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கண் வலித்தது. பழக்க தோஷத்தில் இரண்டு பக்கங்களைப் பார்க்காமலே சேர்த்துப் புரட்டினார்.

தோளருகே யாரோ மூச்சு விட்டார்கள்.

புரட்டிய பக்கம் மெல்லத் திரும்பி வந்து அவர் முன்னால் படிந்தது. அதன் ஓரத்தில், நீல மையில், ஒரு சின்ன விரலின் ஈர ரேகை.