எட்டு முதல் ஆறு வரை அக்கா

பின்வாசலில் வாளியைக் காணவில்லை.

இருபத்துநாலு வருஷமாக அதே இடத்தில், பின்கதவுக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த சிவப்பு வாளி அது. தினமும் காலையில் அதில் தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் அவள் வேலைக்குக் கிளம்புவாள். சாயந்தரம் திரும்பியதும் பின்வழியாக வந்து, உடுத்தியிருந்ததை அதில் முக்கி, தலையோடு குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். நாத்தனார் போட்ட சட்டம்.

"அண்ணி, வாளி எங்க?"

"மாடியில ஒளிச்சு வெச்சிருக்கேன். பத்து மணிக்குப் படம் எடுக்க வர்றாங்கல்ல... அந்தக் கண்றாவி கண்ணுல பட்டா நல்லாவா இருக்கும்?"

சொல்லிக்கொண்டே நாத்தனார் தன் புதுத் துணியின் மடிப்பை நீவிவிட்டாள். விருது வாங்கப் போகிறவளுக்குப் புதிதாக ஒரு கைக்குட்டைகூட யாரும் எடுக்கவில்லை.

அவளுக்கு வேலை, தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில். எட்டு மாதத்திலிருந்து நாலு வயது வரை முப்பது பிள்ளைகள். மூக்குச் சிந்திவிட வேண்டும், சோறு ஊட்ட வேண்டும், கால் கழுவ வேண்டும், கடிக்கிறவனைக் கடிபடுகிறவனிடமிருந்து பிரிக்க வேண்டும். இதற்கு இந்த வீட்டில் வைத்திருந்த பெயர் 'பீ அள்ளுற உத்தியோகம்'. காலையில் எல்லோருக்கும் சமைத்துப் போடும்போது சுத்தமாக இருக்கிற கை, சாயந்தரம் மட்டும் அசிங்கமாகிவிடும். என்ன கணக்கோ! கணவர் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. தன் அக்காவுக்கு முன்னால் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

போன வாரம் கடிதம் வந்தது. ஊரிலேயே சிறந்த குழந்தைப் பராமரிப்பாளர் என்று அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் வாயில் தேன் ஒழுகுகிறது.

மகளுக்கு மட்டும் ஒழுகவில்லை. பத்து மாதக் குழந்தையோடு தாய் வீட்டில் இருக்கும் மகள் திங்கட்கிழமை வங்கி வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தையை விடுவதற்கு இரண்டு பேருந்து மாறிப் போகும் இடமெல்லாம் பார்த்தாள். அம்மாவின் காப்பகத்தை மட்டும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

"இங்க நான் இருக்கேன்லடி... என்கிட்ட விடுறதுல என்ன குறை?"

"வேணாம். என்னக் கேக்காத."

ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் நம்பி ஒப்படைக்கிறார்கள். பெற்ற மகள் தன் பிள்ளையைத் தர மாட்டேன் என்கிறாள். விருதைக் கொண்டு போய் எந்த அலமாரியில் வைப்பது?

பத்து மணிக்கு விருதுக் குழுவிலிருந்து ஓர் அம்மாளும் புகைப்படக்காரரும் வந்தார்கள். நாத்தனார் நடுக்கூடத்தில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குடும்பம் என்றால் குழந்தை இல்லாமல் படம் எடுபடாதாம்.

"எங்க வீட்டு விளக்குங்க இவ! ஆரம்பத்துல பயந்தா. நான்தான், போடி, போய் ஊர்ப் புள்ளைங்களப் பாரு, வீட்ட நான் பாத்துக்கறேன்னு அனுப்பி வெச்சேன். எத்தன நாள் கால் அமுக்கி விட்டிருக்கேன் தெரியுமா..."

கணவர் தலையாட்டினார். புகைப்படக்காரரும் தலையாட்டினார்.

அவளுக்குக் குமட்டியது. மெய்யாகவே குமட்டியது. கிண்ணம் கிண்ணமாகப் பிள்ளைகள் எடுத்த வாந்தியைத் துடைத்தபோது ஒரு நாளும் முகம் சுளித்தவளில்லை. இப்போது தொண்டை வரை புளித்துக்கொண்டு வந்தது. இந்தப் பொய்யை எந்தத் துணியால் துடைப்பது? கண்ணில் நீர் முட்ட, வாயில் கையை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"பாவம், ஆனந்தக் கண்ணீர்..." என்றாள் நாத்தனார். "சும்மாவா சொன்னாங்க, ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்னு!"

"ஆமா அத்தை," என்றாள் மகள். "தானாத்தான் வளந்தேன்."

குழு அம்மாளுக்குத் தர்மசங்கடம். பேச்சை மாற்ற நினைத்துப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "இவங்க பேர ஏன் தேர்ந்தெடுத்தோம்னு சொன்னா உங்களுக்கே பெருமையா இருக்கும். ஒரு லாரி டிரைவர் எழுதின கடிதம்..." என்று படித்தார்.

'என் மனைவி இறந்த ஒன்பதாம் நாள் மகனைக் காப்பகத்தில் விட்டேன். யாராவது அம்மா என்று சொன்னாலே அவன் வாசலுக்கு ஓடுவான். அன்று சாயந்தரம் அழைக்கப் போனபோது, அக்காவின் சொந்த மகள் கீழே விழுந்து உதடு கிழிந்து ரத்தத்தோடு ஓடி வந்தது. அப்போதும் அவர் என் மகனைத் தோளிலிருந்து இறக்கவில்லை. "அம்மான்னு கூப்பிடாத, அக்கான்னு கூப்பிடு" என்று தன் பிள்ளையைத்தான் அதட்டினார். இப்படி ஒரு தியாகத்தை நான் பார்த்ததில்லை.'

காப்பகத்தில் அது ஒரு வழக்கம். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அங்கே யாரும் அம்மா என்று சொல்லக் கூடாது. ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் போதும், முப்பதும் ஆளுக்கோர் அம்மாவைக் கேட்டு ஊரைக் கூட்டும். அதனால் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் அக்கா. அங்கேயே வளர்ந்த மகளுக்கும் அவள் அக்காதான்.

மகளின் விரல் மேலுதட்டில் இருந்த பழைய தழும்புக்குப் போனது.

"இதுக்கா...? இதுக்கா விருது குடுக்கறீங்க?" குரல் உடைந்தது. "எனக்கு மூணரை வயசுங்க அப்போ! ரத்தம் வாய்க்குள்ள போகுது... இவங்கள என்ன சொல்லிக் கூப்பிடணும்னு யோசிச்சுக்கிட்டு நிக்கிறேன்! யோசிச்சு, அக்கான்னு கூப்பிட்டேன். அப்பவும் வரல!"

"ஐயோ, பெரிய விஷயத்துக்காக..." என்று குழு அம்மாள் தொடங்கினார்.

"அந்த வரிய அடிச்சிடுங்க."

சொன்னது அவள்தான். சுவரை விட்டு நடுக்கூடத்துக்கு வந்திருந்தாள்.

"தியாகமும் இல்ல, ஒண்ணும் இல்லங்க. நான் செஞ்ச தப்பு அது. ஒரு தோள்ல அந்தப் பையன், இன்னொரு தோள் சும்மாதான இருந்துச்சு! இவளையும் தூக்கியிருக்கலாம். சட்டம் சட்டம்னு நின்னுட்டேன். அந்த வரிக்காக விருதுன்னா எனக்கு வேணாம்... அதக் கேக்கவே அருவருப்பா இருக்கு."

மகள் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு அத்தை வந்து உன்னக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கடைசிப் புள்ளையையும் அனுப்பிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன்டி. உன்னத் தூக்கி மடியில போட்டுக்கணும்னு ஓடி வந்தேன். பின்வாசல்லயே நிறுத்திட்டாங்க. கழுவிட்டு வா, புள்ளையத் தொடாதேன்னாங்க. துணிய முக்கி, குளிச்சு, தலை துவட்டி உள்ள வந்தா... நீ தூங்கிட்ட. அன்னிக்கு மட்டுமா? தினமும் அப்படித்தான. ஆறு மணிக்கு மேலயாவது உனக்கு அம்மாவா இருக்கலாம்னு பாத்தேன். அந்த வாளி விடல."

மகள் அத்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை அப்படிச் சொல்லலையே... உங்கம்மாவுக்கு ஊர்ப் புள்ளைங்களத் தூக்கிக் கை வலிக்குது, உன்னத் தொடப் புடிக்கல, அதான் குளிக்கப் போயிட்டா... அப்படின்னுதான் சொன்னாங்க. தினமும்."

"புள்ள அழாம இருக்கச் சொன்னதுதான்..." நாத்தனாரின் முகம் வெளிறியது. "சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்னு..."

"சின்னப் புள்ளைக்கு எல்லாம் தெரியும் அண்ணி. இருபத்துநாலு வருஷமா அதத்தான பாத்துக்கிட்டிருக்கேன்."

இவ்வளவு நேரமும் நாத்தனாரின் மடியில் சமர்த்தாக இருந்த பேத்தி, அப்போது பார்த்து முகம் சிவக்க முக்கினாள். பேசியவர்களுக்கெல்லாம் சேர்த்துத் தன் தீர்ப்பைப் புதுத் துணியின் மேல் எழுதிவிட்டாள்.

"சீ! சீ! சீ! எடுங்க! யாராவது எடுங்களேன்!"

குழந்தையைக் கையெட்டத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாத்தனார் கத்தினாள். குழந்தை மிரண்டு அலறியது. அவள் ஒரே வீச்சில் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள், தன் மேல் ஒட்டுகிறதே என்று பார்க்கவில்லை. அலறல் விக்கலாகி, விக்கலும் நின்றது.

"பின்னாடி கொண்டு போ! நடுக்கூடத்துல..."

"எங்கயும் போக வேணாம்," என்றாள் மகள். ஓடிப் போய்ப் பாயும் துணியும் கிண்ணத்தில் வெந்நீரும் கொண்டு வந்து கூடத்தின் நடுவில் வைத்தாள். "இங்கயே மாத்து."

அவள் மாற்றினாள். துடைத்து, கழுவி, ஈரம் ஒற்றி, புதுத் துணி கட்டும் வரை குழந்தையோடு பேசிக்கொண்டே இருந்தாள். மகள் பக்கத்தில் மண்டியிட்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னையும் இப்படித்தான் மாத்துனியா?"

"உனக்கு இன்னும் ரெண்டு பாட்டு சேத்து."

மகள் குழந்தையோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டாள். நாற்றத்தோடும் ஈரத்தோடும் கட்டிக்கொண்டு, மூன்றரை வயதில் அழ வேண்டிய அழுகையை அழுதாள். "தெரியாமப் போச்சும்மா..."

மாடிப்படியில் சத்தம் கேட்டது. கணவர் சிவப்பு வாளியோடு இறங்கி வந்தார். மனைவியைப் பார்க்கத் துணிவில்லாமல் அதைத் தன் அக்காவின் காலருகே வைத்தார்.

"பின்வழியாப் போயிட்டு வாக்கா. தலையோட குளிக்கணும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான?"

அந்த மனிதர் இருபத்துநாலு வருஷத்தில் பேசிய ஒரே உருப்படியான பேச்சு. அவளுக்கு அதில் மகிழ்ச்சி வரவில்லை. இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன, வாயில் முத்தா உதிர்ந்திருக்கும்? நாத்தனார் வாளியைத் தூக்கிக்கொண்டு, மூக்கைப் பொத்தியபடி பின்வாசலுக்கு நடந்தாள்.

அந்த வரியை அடித்த பிறகே அவள் விருதுக்குச் சம்மதித்தாள். மேடையில் பேச மகள் வந்தாள். நாத்தனாரை யாரும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு அடித்து ஐந்து நிமிடம். காப்பகத்தில் அவள் ஒருவனுக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் குழந்தையோடு மகள் வந்து நின்றாள். உள்ளே இருந்த முப்பது முகங்களையும் பார்த்தாள். பழைய பயத்தில் வாய் ஒரு நொடி தயங்கியது.

"அம்மா!"

மூலையில் ஒரு குழந்தை உதட்டைப் பிதுக்கியது. இன்னொன்று தொடங்கியது. மூன்றாவது தரையில் விழுந்து புரண்டது. உதவிக்கு இருந்த பெண் பதறிப் போய், "அக்கா, எல்லாம் அழுதுங்க!" என்றாள்.

"அழட்டும். தூக்கிக்கலாம்," என்று எழுந்தாள் அவள். "இதோ வந்துட்டேன்டி!"