ஜெசிந்தா வரிசை

"பரிசுல ஒனக்கு எதுட்டி மொதல்ல வேணும்?"

ஜெசிந்தா குளிர்மாடத்துக்குக் குடிபோன அன்று, வெளியிலேயே தங்கிவிட்ட பிலோமி அக்கா கேட்ட கேள்வி அது. "உருட்டு" என்று சட்டென்று சொன்னாள் ஜெசிந்தா. அக்கா சிரித்தாள்.

"நான் எப்போ வந்து தங்கிட்டுப் போலாம்னுதாம்ட்டி கேட்டேன்."

தூத்துக்குடியில் வெயில் ஆளைக் கொல்லத் தொடங்கிய பிறகு எழுந்தவை குளிர்மாடங்கள். உள்ளே குளிர் அளவானது. ஓர் ஆள் கூடுதலாக நுழைந்தாலும் மற்றவர்களுக்குக் குறையும். யாருக்கு எவ்வளவு என்று கூட்டம் போட்டபோதெல்லாம் நாற்காலிகள் பறந்தன. கடைசியில் கைப்பேசியில் ஒரு பலகை விளையாட்டை வைத்துவிட்டார்கள். தாயக்கட்டையை உருட்டிக் காய் நகர்த்தி, மாடத்தின் ஒவ்வொரு அடுக்கும் திருவிழாதோறும் பரிசு வெல்லலாம். கட்டையோடு யார் சண்டை போட முடியும்? வென்றதைப் பங்கீட்டி என்ற இயந்திரம் வழங்கும்: கூடுதல் குளிர், குளிக்கத் தண்ணீர், வெளியாள் வந்து தங்க விருந்தினர் மணி. இல்லையென்றால் இன்னும் சில உருட்டுகள், அதாவது கட்டையை மறுபடி உருட்டும் வாய்ப்புகள்.

மற்ற அடுக்குக்காரர்கள் குளிரை முதலில் அள்ளினார்கள். பாதித் திருவிழாவில் உருட்டுத் தீர்ந்து உட்கார்ந்தார்கள். தன் அடுக்குக்காக ஆடிய ஜெசிந்தா முதலில் உருட்டை எடுத்தாள். உருட்டு மறுபடி பரிசு கொண்டுவரும். அப்புறம் தண்ணீர், அப்புறம் குளிர். விருந்தினர் மணி கடைசி; வந்தவர் போனதும் தீர்ந்துபோகும் பண்டம் அது.

"அடுத்த திருவிழாவுக்கு எடுத்துருதேன்க்கா" என்பாள் போனில்.

"எடு, எடு. அதுக்குள்ள நான் கருவாடாயிருவேன்" என்பாள் அக்கா.

இந்த ஆண்டு தேர்த்திருவிழாப் பலகையில் அவர்கள் அடுக்குதான் முதலிடம். கூடத்தில் எல்லோரும் திரண்டிருந்தார்கள். அடுக்குத் தலைவர் லூர்து அண்ணாச்சி அவள் தலையில் கை வைத்தார். "ஏ பிள்ள, ஒன்ன எங்கயும் கட்டிக்குடுக்க மாட்டோம், பாத்துக்கோ."

ஜெசிந்தாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. காலையிலேயே அக்காவை வரச் சொல்லியிருந்தாள். இம்முறை விருந்தினர் மணியைத்தான் முதலில் தொடப்போகிறாள்.

பெருந்திரை ஒளிர்ந்தது. பங்கீட்டி பேசியது: "மிகச் சிறந்த தேர்வுமுறை கண்டறியப்பட்டது. இனி எல்லா மாடங்களிலும் பரிசுகள் ஜெசிந்தா வரிசைப்படி தாமாகவே பிரிக்கப்படும். யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை."

திரை முழுக்க அவள் பெயர். கைத்தட்டலில் கண்ணாடிகள் அதிர்ந்தன. வாழ்நாளில் தன் பெயரை அவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததில்லை. சிலிர்ப்பு அடங்காமலே கைப்பேசியைத் தொட்டாள். விருந்தினர் மணி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கீழே ஒரு வரி: 'எப்போதும் கடைசியில் வருவதால் நீக்கப்பட்டு, உருட்டுகளாக மாற்றப்பட்டது.'

"இன்னும் உருட்டா? எல்லாம் நம்ம பிள்ளை புண்ணியம்" என்றார் அண்ணாச்சி.

அவள் அதற்குள் வாசலுக்கு ஓடியிருந்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அனலில், பிலோமி அக்கா நின்றிருந்தாள். கையில் மக்ரூன் டப்பா. கதவில் ஓடிய எழுத்துகளை விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள்: 'இவ்வடுக்கின் முதல் விருப்பம் உருட்டு. கடைசி விருப்பம் விருந்தினர். தேர்வு: ஜெசிந்தா.'

"யக்கா, அது மிஷினு போட்டது. நான் இன்னைக்கு ஒனக்குத்தான்..." பேசுதுளையில் வாய் வைத்துச் சொன்னாள் ஜெசிந்தா.

அக்கா 'ஜெசிந்தா' என்ற கடைசிச் சொல்லிலிருந்து விரலை எடுத்தாள். டப்பாவைக் கதவோர நிழலில் வைத்தாள். குடையை விரித்து, வெயிலில் இறங்கி நடந்தாள்.