துடியன் சூப்பிய பனங்கொட்டை

பெயர்தான் துடியன். அந்தக் குரங்கோ கூட்டின் மூலையில் உம்மென்று இருந்து, தன் கைமயிரைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தது.

வித்தைகாட்டி ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி ஆட்டிவைத்துவிட்டு, வவுனியாச் சந்தையில் கைவிட்டுப்போன குரங்கு அது. சுதாஜினியின் அப்பாதான் பாவம் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“பயத்திலதான் பிடுங்கிறான் போல,” என்றார் பக்கத்து வீட்டு விமலேஸ்வரி அக்கா. அவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம் படிப்பவர். “பயந்தா உடம்பில ஒரு சுரப்புக் கூடும். எச்சிலைச் சோதிச்சாத் தெரியும்.”

“ரத்தம் எடுக்க மாட்டீங்களோ அக்கா?” என்று கேட்டாள் சுதாஜினி.

“ஊசியைக் கண்டா இன்னும் பயந்திடுவானெல்லோ? பிறகு எந்தப் பயத்தை அளக்கிறது?”

சுதாஜினி கூட்டை விட்டு ஓரடி தள்ளி நின்றாள். எந்நேரமும் கூட்டடியில் நிற்பவள் அவள்தானே! “என்னைக் கண்டுதான் பயப்படுறானோ?”

“பாப்பம்,” என்ற அக்கா, துடியன் சப்பினால் எச்சில் அதில் ஊறும் என்று, சீனித் தண்ணீரில் தோய்த்த கயிற்றை நீட்டினார். கயிற்றைக் கண்டதுதான் தாமதம், துடியன் கிறீச்சிட்டுக்கொண்டு மேல்கம்பியில் போய்த் தொங்கியது.

சுதாஜினி பனங்கொட்டை சூப்பிக்கொண்டு நின்றாள். வாயெல்லாம் மஞ்சள். துடியன் மெல்ல இறங்கி வந்து அந்தக் கொட்டையையே பார்த்தது.

“அக்கா! கயிறு மாதிரிக் கொட்டையில இருக்கிறதும் தும்புதானே? கழுவிக் குடுப்பமோ?”

கழுவிக் காயவைத்த கொட்டையில் சீனித் தண்ணீர் தடவிக் கொடுத்தார்கள். துடியன் கண்ணை மூடிச் சூப்பியது. வாழைப்பழத்தைக் காட்டியதும் கொட்டையைப் போட்டது. அக்கா தும்பைப் பிழிந்து எச்சிலைக் குப்பியில் சேர்த்தார்.

“இனி இவனும் பனங்கொட்டை சூப்பி. எங்கட ஆள்தான்!” என்று சிரித்தார் அக்கா. வடக்குத் தமிழரை மற்றவர்கள் அப்படித்தான் கேலி செய்வார்கள்.

சுதாஜினி அருகில் இருந்தபோதும் எடுத்தார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதும் எடுத்தார்கள். அக்கா குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்துப் பேராதனைக்குக் கொண்டுபோனார்.

அடுத்த விடுமுறைக்கு வந்தவர் நேரே கூட்டடிக்கு வந்தார். “நீ பக்கத்தில இருக்கேக்க பயம் குறைவு. நீ பள்ளிக்கூடம் போனாப் பிறகுதான் கூடுது.”

சுதாஜினிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். நான் இல்லாத நேரத்தில் முற்றத்தில் என்ன நடக்கிறது? அம்மா உடுப்புத் தோய்ப்பார். கூட்டுக்கு முன்னால் கயிறு கட்டிக் காயப்போடுவார். நான் வருமுன் கழற்றிவிடுவார்.

“அம்மா! கொடிக்கயிறு! அதைப் பின்வளவில கட்டுங்கோ!”

கயிறு பின்வளவுக்குப் போனது. கொஞ்ச நாளில் துடியனின் கையில் புதுமயிர் முளைத்தது. ஒருநாள் அது, பாதி சூப்பிய கொட்டையைக் கம்பிக்கு வெளியே சுதாஜினியிடம் நீட்டியது.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “உன்ர பயத்தை அளக்கப்போறானாக்கும்!”

“அளக்கட்டும் அக்கா. இப்ப என்னட்டப் பயமே இல்லை.”